ஓட்டைக் கல் எல்லாம் எரிமலைக் கல் அல்ல

ராமேசுவரம் போய்வந்தவர்கள் சொல்லும் கதைகளில் சில அடிக்கடி காதில் விழுகின்றன. அந்தத் தீவே ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததாம். கரையில் கிடக்கும் ஓட்டை ஓட்டையான கற்கள் எரிமலைக் குழம்பு உறைந்து ஆனவையாம். தண்ணீரில் மிதக்கும் கல்தான் இதற்குச் சாட்சியாம். மறுத்துப் பேசினால், "தீவு என்றாலே அடியில் எரிமலைதான், பள்ளிக்கூடத்தில் படித்ததில்லையா?" என்று மடக்குவார்கள்.

குற்றம் முழுக்க அவர்களுடையது அல்ல. ஜப்பான், இந்தோனேசியா சுற்றுலாப் படங்களில் தீவும் புகை கக்கும் மலையும் வெந்நீர்க் குளமும் ஒன்றாகவே வருகின்றன. பார்த்துப் பார்த்து, ஒன்று இருந்தால் மற்ற இரண்டும் இருந்தாக வேண்டும் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. உண்மையில் மூன்றுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. சில இடங்களில் அந்தக் காரணங்கள் ஒன்றுகூடுகின்றன, பல இடங்களில் கூடுவதில்லை. ராமநாதபுரம் கரையில் தீவுகளுக்குக் குறைவில்லை. எரிமலை கிடையாது, வெந்நீர் ஊற்றும் கிடையாது. அதனாலேயே இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பேன்.

## எரிமலைக்கு என்ன வேண்டும்?

காலடியில் எங்கே தோண்டினாலும் கடைசியில் நெருப்புக் குழம்பு வரும் என்பதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். நாம் நிற்கும் மேலோட்டுக்குக் கீழே உள்ள பகுதி கடுமையான சூட்டில் இருந்தாலும் பெரும்பாலும் திடப் பாறைதான். மேலிருந்து அழுத்தும் எடை அதை உருகவிடுவதில்லை. அப்படி உருகினால் கிடைப்பதற்குப் பாறைக்குழம்பு என்று பெயர். அந்தக் குழம்பு மேலே வர வழி கிடைத்த இடமே எரிமலை.

பாறை உருகுவதற்கு மூன்று சூழ்நிலைகள் உண்டு. பூமியின் மேலோடு ஒரே துண்டு அல்ல, மிக மெதுவாக நகரும் பெரிய துண்டுகளால் ஆனது. இவற்றைத் தட்டுகள் என்கிறோம். ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புகும்போது கடல்நீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அந்த நீர் சேர்ந்ததும் மேலே உள்ள சூடான பாறை சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே உருகத் தொடங்கும். இது முதல் வகை. தட்டுகள் விலகும் இடத்தில் அழுத்தம் குறைவதால் பாறை உருகுவது இரண்டாவது. தட்டின் நடுவிலேயே ஆழத்திலிருந்து மிகையான சூடு எழும்பி வருவது மூன்றாவது. ஹவாய் தீவுகள் இந்த மூன்றாம் வகை.

முதல் வகைக்கு எடுத்துக்காட்டு தேடி ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை, நம் வங்கக் கடலிலேயே இருக்கிறது. அந்தமானில், போர்ட் பிளேருக்கு வடகிழக்கே உள்ள பேரன் தீவுதான் இந்தியாவில் இன்றும் குமுறும் ஒரே எரிமலை. 1787-ல் அது வெடித்ததற்குப் பதிவு உண்டு. பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்து 1991-ல் மீண்டும் விழித்தது. அதன் பிறகும் பலமுறை புகையும் குழம்பும் கக்கியிருக்கிறது. அந்தமானுக்கு மேற்கே கடலடியில் இந்தியத் தட்டு கிழக்குப் பக்கத்துத் தட்டின் அடியில் நுழைவதே இதற்குக் காரணம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைக் கிளப்பிய நிலநடுக்கமும் இதே எல்லைக்கோட்டில் நடந்ததுதான்.

அந்தக் கோட்டிலிருந்து ராமநாதபுரம் வெகுதூரம். பேரன் தீவுக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே சுமார் 1,600 கிலோமீட்டர். ராமநாதபுரம் இருப்பது தட்டின் உட்பகுதியில். இங்கே தட்டு மோதுவதும் இல்லை, விலகுவதும் இல்லை. தரைக்குக் கீழே இருப்பதோ கிலோமீட்டர் கணக்கில் படிந்த மணற்கல்லும் களிமண் பாறையும் சுண்ணாம்புப் பாறையும். அந்தப் படிவுகளில் சிக்கிய இயற்கை எரிவாயுவைத்தான் இந்த மாவட்டத்தில் எடுக்கிறார்கள், வழுதூரில் அதை எரித்து மின்சாரமும் தயாரிக்கிறார்கள். எரிவாயு கிடைக்கிறது என்பதால் பூமிக்குள் நெருப்பு எரிகிறது என்று பொருளில்லை. பழைய உயிர்களின் மிச்சம் புதைந்து, அழுந்தி, வெந்து உண்டான வாயு அது.

சுருக்கமாக: எரிமலைக்குப் பாறை உருக வேண்டும், உருகுவதற்குத் தனிச் சூழ்நிலை வேண்டும். அந்தச் சூழ்நிலை மூன்றில் ஒன்றுகூட ராமநாதபுரத்துக்கு அடியில் இல்லை.

## அப்படியானால் இந்தத் தீவுகளைக் கட்டியது யார்?

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. மண்டபம் பக்கம் குருசடை, மனோலி, முயல் தீவு முதலியவை. கீழக்கரைக்கு எதிரே அப்பா தீவு, தலையாரி, வாழைத் தீவு முதலியவை. வேம்பாருக்கு எதிரே நல்லதண்ணித் தீவு. தூத்துக்குடி பக்கம் வான் தீவு, காசுவார். பெரியதான முயல் தீவே சுமார் 130 ஹெக்டேர்தான். எந்தத் தீவிலும் மலை கிடையாது. தூரத்திலிருந்து பார்த்தால் கடல்மேல் ஒரு பச்சைக் கோடு, அதன் அடியில் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். எரிமலைத் தீவு இப்படி இருக்காது. அது கடலடியிலிருந்து எழும்பிய மலையின் உச்சி என்பதால் செங்குத்தாக நிற்கும்.

இந்தத் தீவுகளைக் கட்டியவை பவள உயிரிகள். பவள உயிரி என்பது மென்மையான உடல் கொண்ட சின்னஞ்சிறு கடல் விலங்கு. கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கிண்ணம்போல ஒரு கூடு கட்டிக்கொள்ளும். ஒன்றையொன்று ஒட்டி ஆயிரக்கணக்கில் வாழும். ஒரு தலைமுறை இறந்ததும் அதன் கூட்டின்மேல் அடுத்த தலைமுறை கட்டும். இப்படி உயர்ந்து உயர்ந்து நிற்பதே பவளப்பாறை. மீனவர்கள் அதைப் 'பார்' என்கிறார்கள். பவள உயிரியின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலில் உணவு தயாரித்து அதற்குப் பங்கு கொடுக்கின்றன. பவளம் வெளிச்சம் எட்டும் ஆழமற்ற, தெளிந்த, வெதுவெதுப்பான கடலில் மட்டும் செழிப்பது இதனால்தான். மன்னார் வளைகுடாவில் 117 வகைக் கடினப் பவளங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

பார் மட்டும் தீவாகிவிடாது. புயலும் அலையும் பாரின் விளிம்பை உடைக்கின்றன. உடைந்த துண்டுகளும் சிப்பி ஓடுகளும் மணலும் பாரின் மேல்தளத்தில் குவிகின்றன. குவியல் நீருக்கு மேலே தலைகாட்டியதும் செடிகள் பற்றிக்கொள்கின்றன, வேர் மணலைப் பிடித்துவைக்கிறது. ஓரத்தில் சேறு சேர்ந்தால் அலையாத்தி மரமும் வரும். தீவு பிறந்துவிட்டது.

இதில் கடல்மட்டத்துக்கும் பங்கு உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நடந்தே போகலாம். பனி உருகக் கடல் ஏறியது, ஆழமற்ற அந்தத் தளத்தில் பவளம் வளர்ந்தது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, பிறகு இறங்கியது. அப்படி இறங்கியபோது வெளியே தெரிந்த பழைய பாரைத்தான் ராமேசுவரத்தின் வடகரையில் இன்று பார்க்கிறோம். டேவிட் ஸ்டாடார்ட், கோபிநாத பிள்ளை ஆகிய ஆய்வாளர்கள் 1972-ல் இந்த உயர்ந்த பாரைப் பற்றி எழுதினார்கள். அதன் வயது சுமார் 4,000 ஆண்டுகள் என்று கணிக்கப்பட்டது. எரிமலைக் கணக்கில் பார்த்தால் நேற்றுப் பிறந்தது.

இப்போது அந்த ஓட்டைக் கல்லுக்கு வருவோம். மண்டபம் பக்கம் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் வெளிறிய கல் ஒன்றைக் குனிந்து, கண்ணருகே வைத்துப் பாருங்கள். துளைகள் தாறுமாறாக இருக்காது. ஏறக்குறைய எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. ஒவ்வொரு துளைக்குள்ளும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் வட்டமாக ஓடி நட்சத்திரம்போல் கூடும். ஒவ்வொரு துளையும் ஓர் உயிர் குடியிருந்த வீடு. எரிமலைக் கல்லிலும் துளை உண்டு, ஆனால் அது வாயுக் குமிழி விட்டுப்போன தடம். ஒன்று கடுகளவு இருக்கும், பக்கத்தில் இருப்பது கொண்டைக்கடலை அளவு இருக்கும். உள்ளே தகடும் இருக்காது, நட்சத்திரமும் இருக்காது.

இன்னொரு சோதனை வினிகர். பவளக்கல் சுண்ணாம்பு வகை, அதனால் வினிகர் பட்டால் நுரைக்கும். எரிமலைப் பாறை சும்மா இருக்கும். செய்து பார்க்க விரும்பினால் ஒரு சிப்பி ஓட்டில் செய்யுங்கள், அதுவும் அதே பொருள்தான். பவளக்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இதற்கும். சட்டம் வருவதற்கு முன் பவளத்தைப் படகு படகாக வெட்டிச் சுண்ணாம்பு சுடவும் கட்டடம் கட்டவும் கொண்டுபோனார்கள். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயத்தின் சுவரில் அந்தக் கற்களை வரிசை வரிசையாகப் பார்க்கலாம். பவளம் வெட்டியதும் கடல் அரிப்பும் சேர்ந்ததில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 21 என்று இன்றும் எண்ணுகிறோம், கண்ணுக்குத் தெரிபவை அதற்கும் குறைவு.

## பள்ளிப் பாடம் தவறா?

தவறில்லை. பாதி நினைவில் இருப்பதுதான் தொந்தரவு. சார்லஸ் டார்வின் 1842-ல் ஒரு விளக்கம் தந்தார். நடுக்கடலில் ஓர் எரிமலைத் தீவு எழுகிறது, அதைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. எரிமலை அணைந்து மெல்ல மெல்லத் தாழ்கிறது. பவளமோ வெளிச்சத்தை விடாமல் மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் மலை மூழ்கிப்போய், பவள வளையம் மட்டும் மிஞ்சுகிறது. இந்த வளையத் தீவைப் பவளத்திட்டு என்பார்கள். 1952-ல் பசிபிக் கடலின் எனிவெடோக் திட்டில் துளையிட்டபோது, ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பவளச் சுண்ணாம்பைத் தாண்டியதும் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. டார்வின் சொன்னது நிரூபணமானது.

நமக்குப் பக்கத்தில் லட்சத்தீவு அப்படிப்பட்டது. அது நிற்பதும் கடலடி எரிமலை முகடு ஒன்றின்மேல்தான். ஆனால் பவளத்துக்கு நிற்க ஓர் இடம் வேண்டும், அது எரிமலையாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கண்டத்தின் ஓரத்தில் ஆழமற்ற கடலடித் தரை கிடைத்தால் அதுவே போதும். மன்னார் வளைகுடாத் தீவுகள் கரையிலிருந்து சராசரியாக எட்டு கிலோமீட்டர் தொலைவில், அப்படிப்பட்ட தரையின்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. லட்சத்தீவும் பவளம், குருசடையும் பவளம். அடித்தளம் மட்டும் வேறு வேறு.

பாம்பன் தீவில் பவளத்தோடு மணலுக்கும் பெரும் பங்கு உண்டு. தனுஷ்கோடி முனை முழுக்க முழுக்க அலையும் காற்றும் கொண்டுவந்து நீட்டிய மணல். கந்தமாதன பர்வதம் தீவின் உயரமான இடம் என்றாலும் அதில் எரிமலை வாய் எதுவும் இல்லை.

## மிதக்கும் கல்

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி. ராமேசுவரத்தில் சில கோயில்களில் தொட்டித் தண்ணீரில் கல்லை மிதக்கவிட்டு வைத்திருக்கிறார்கள். பக்தர்களின் நம்பிக்கையை எடைபோட நான் வரவில்லை. கல்லின் எடையை மட்டும் பேசுகிறேன்.

கல் மிதக்கும், அதில் மாயம் இல்லை. சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தால் கரைந்திருந்த வாயு நுரைத்துக்கொண்டு வெளியே பாய்கிறது அல்லவா? சில எரிமலைகளின் கெட்டியான குழம்பிலும் வாயு அப்படித்தான் அடைபட்டிருக்கும். வெடித்து வெளியே வந்ததும் அழுத்தம் சட்டென்று குறைகிறது, குழம்பு முழுக்க நுரைக்கிறது. அந்த நுரை அடங்குவதற்குள் குளிர்ந்து கல்லாகிவிட்டால் அதுதான் நுரைக்கல். குதிகால் தேய்க்கக் கடையில் விற்கிறார்களே, அதில் இயற்கையானது இந்த வகைதான். அதன் உடலில் பெரும்பகுதி வெற்றிடம். பல குமிழிகள் மூடியே இருப்பதால் நீர் உடனே உள்ளே புகாது. மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில்கூட மிதக்கும்.

பவளக்கல் வேறு மாதிரி. அதன் துளைகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைந்தவை. வெயிலில் நன்றாகக் காய்ந்த லேசான துண்டு, உள்ளே காற்று சிக்கியிருக்கும்வரை சிறிது காலம் மிதக்கக்கூடும். நீர் ஊறியதும் மூழ்கும்.

ஆகவே ஒரு மிதக்கும் கல்லைக் காட்டினால், முதலில் துளைகளைப் பாருங்கள். நட்சத்திர அமைப்பு இருந்தால் பவளம். கண்ணாடித்தன்மையோடு, சொரசொரப்பாக, துளைகள் ஒழுங்கின்றி இருந்தால் நுரைக்கல். "நுரைக்கல் என்றால் எரிமலை இங்கே இருந்தது என்றுதானே பொருள்?" என்று கேட்கலாம். இல்லை. 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகடோவா வெடித்தபோது கடலில் கொட்டிய நுரைக்கல் கூட்டம் கூட்டமாக மிதந்து, இந்தியப் பெருங்கடலையே கடந்து ஆப்பிரிக்கக் கரையில் ஒதுங்கியது. 2021-ல் ஜப்பானின் கடலடி எரிமலை ஒன்று கக்கிய நுரைக்கல் வாரக்கணக்கில் மிதந்துபோய் ஒக்கினாவாத் துறைமுகங்களை அடைத்து மீன்பிடிப் படகுகளை நிறுத்திவைத்தது. மிதக்கும் கல் பயணி. அது ஒதுங்கிய கரையை அதன் சொந்த ஊர் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

## வெந்நீர் ஊற்றுக்கு எரிமலை வேண்டுமா?

வேண்டாம். இதை நம்ப மறுப்பவர்களுக்கு நான் காட்டுவது திருகோணமலையின் கன்னியா. ராமநாதபுரம் கரைக்கு எதிர்க்கரை நாடான இலங்கையில் ஓர் எரிமலைகூடக் கிடையாது. ஆனாலும் கன்னியாவில் அடுத்தடுத்து ஏழு சதுரக் கிணறுகளில் வெந்நீர் ஊறுகிறது. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் ஏற்படுத்தியது என்பது ஐதீகம். வாளி வாளியாக மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வார்கள். ஒரு கிணற்றுக்கும் அடுத்ததற்கும் சூடு சற்று மாறும், சுமார் 40 டிகிரி செல்சியஸ் என்று கொள்ளலாம்.

சூடு எங்கிருந்து வருகிறது? பூமிக்குள் எந்த இடத்தில் இறங்கினாலும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடிக்கொண்டே போகும். மழைநீர் பாறைப் பிளவு வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது, அங்கே சூடேறுகிறது, இன்னொரு பிளவு வழியாக, ஆறிப்போவதற்குள் மேலே வந்துவிடுகிறது. சூடு, நீர், விரைவாக மேலே வர ஒரு வழி, இவை மூன்றும்தான் தேவை. இமாசலத்து மணிகரணில் அரிசியைத் துணியில் கட்டி ஊற்றில் இறக்கியே சோறாக்குகிறார்கள். அங்கேயும் எரிமலை இல்லை. எரிமலைக்குப் பக்கத்தில் இருந்தால் சூடு அதிக ஆழமில்லாமலேயே கிடைக்கும், வேறுபாடு அவ்வளவுதான்.

ராமநாதபுரத்தில் சூடும் உண்டு, நீரும் உண்டு, வழிதான் இல்லை. கடினப் பாறையின் ஆழமான பிளவுகளுக்குப் பதில் இங்கே இருப்பது மென்மையான படிவு அடுக்குகள். நிலமும் தட்டையானது, நீரை ஆழத்துக்குத் தள்ளிப் பிறகு மேலே ஏற்றும் உயரமான மலை அருகில் இல்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் வெதுவெதுப்பாக வந்தால் யாரும் பயப்படத் தேவையில்லை. 300 மீட்டர் ஆழத்திலிருந்து வரும் நீர், மேலே உள்ளதைவிட எட்டு ஒன்பது டிகிரி சூடாக இருப்பது இயல்பு.

சுருக்கமாக: தீவுக்கு எரிமலை கட்டாயமில்லை, பவளமும் மணலும் போதும். வெந்நீருக்கும் எரிமலை கட்டாயமில்லை, ஆழமும் பிளவும் போதும்.

## இந்தக் கரையின் சொந்த ஊற்று

வெந்நீர் இல்லை என்று வருந்துபவர்களுக்கு இங்கே அதைவிட வியப்பான ஒன்று இருக்கிறது. தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருக்கிறது. சுற்றிலும் உப்புநீர், கிணற்றில் குடிக்கும் நீர். தனுஷ்கோடியில் அலை அடிக்கும் இடத்திலிருந்து சில எட்டுத் தொலைவில் மணலைக் கையாலேயே தோண்டி, ஊறிவரும் நல்ல தண்ணீரைக் கொட்டாங்கச்சியில் மொண்டு குடத்தில் நிரப்புகிறார்கள்.

மணலில் பெய்த மழை நேராகக் கீழே இறங்குகிறது. அங்கே ஏற்கெனவே கடல்நீர் ஊறிக் கிடக்கிறது. மழைநீர் அதைவிட லேசானது என்பதால் கலந்துவிடாமல் மேலே நிற்கிறது. மணல் துகள்களுக்கு இடையே நீர் மெதுவாகவே நகரும், ஆகையால் இரண்டும் கலக்கவும் நாளாகும். நடுவில் தடித்து, கரையோரம் மெலிந்து, பூதக்கண்ணாடி வில்லை போன்ற வடிவில் அது தேங்கும். இதுதான் நன்னீர் வில்லை. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிடச் சுமார் 2.5 விழுக்காடு அதிகம். இதைக் கணக்கிட்டால், கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கலாம். கணக்கின் மறுபக்கம்தான் கவலை தருவது: மேலே ஒரு மீட்டரை இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறிவரும். கையால் தோண்டிய குழியில் ஊறும் நீர் இனிப்பாக இருக்க, அதே ஊரில் மோட்டார் போட்டு ஆழத்திலிருந்து இழுக்கும் விடுதியின் குழாயில் உப்புக் கரிப்பது இதனால்தான். ஆழமாகத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்ற உள்நாட்டு அனுபவம் இங்கே தலைகீழாகிவிடும்.

## பார்க்கப் போகிறவர்களுக்கு

21 தீவுகளும் 1986-ல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் வருபவை. நினைத்தபடி படகு பிடித்து இறங்க முடியாது. குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது, குந்துகாலில் ஏற வேண்டும். 1897 ஜனவரியில் விவேகானந்தர் அமெரிக்கப் பயணம் முடிந்து தாயகம் திரும்பியபோது வந்து இறங்கிய கரை அது, நினைவகமும் அங்கே இருக்கிறது. அலையாத்திக் காடு பார்க்க வேண்டுமானால் தொண்டி சாலையில் காரங்காடு நல்ல தேர்வு.

பருவம் முக்கியம். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. தனுஷ்கோடிக்காரர்கள் முன்னதை ஆண்கடல் என்றும் பின்னதைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று வீசும்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், குருசடைப் படகு நின்றாலும் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வந்ததும் முறை மாறி வடக்குக் கடல் கலங்கும். பவளம் பார்க்கக் கலங்காத நீர் வேண்டும், ஆகவே தை முதல் பங்குனி வரை போவது நல்லது. கிளம்புமுன் படகு ஓடுகிறதா என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தேய்ந்த பவளத்துண்டுகள் காலைக் கிழிக்கும், ரப்பர் செருப்பு போதாது, கட்டிக்கொள்ளும் செருப்பாக எடுத்துச் செல்லுங்கள்.